தம்பி அனுப்பிய மருந்து மிஷின்

எங்கள் தாய் ஊரில் பிறந்தவர்களுக்குப் பல்லில் காவி இருக்கும். வெற்றிலைக் காவி அல்ல. பல்லோடு சேர்ந்தே முளைத்த காவி. சிலருக்கு மஞ்சள் கோடு, சிலருக்குச் சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளைப் புள்ளி, சிலருக்கு முழுப் பல்லும் மண் நிறம். எனக்கு முன்பல் இரண்டும் செங்கட்டி, சுட்ட செங்கல்லின் நிறம். அதை நான் ஒரு நாளும் கையால் மறைத்ததில்லை.

கலியாணம் முடித்துத் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வந்தபோது, என் கணவரின் தாய் முதல் நாளே என் வாயைப் பார்த்துவிட்டார். அடுத்த வீட்டுக்காரியிடம், எனக்குக் கேட்கத்தக்கதாக, "செங்கட்டியைக் கடிச்சுக்கொண்டெல்லோ வந்திருக்கிறாள்" என்றார். "ஓம் மாமி, செங்கட்டியே கடிபட்டது, இனி எதையும் கடிக்கலாம்" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் பல்லைப் பற்றிய கதை எழும்பவில்லை.

கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். நான் அங்கே வேலை செய்கிற ஆட்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தேன். ஒருவரிடமும் போய் நிற்காமல் இருந்தோம். பிள்ளை கிடைக்கவில்லை. அவர் தவறிப்போன பிறகு இந்த வீட்டில் நான் தனி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெல்ல ஆறுதலாகத்தான் எழுதுகிறேன். எழுத வேண்டிய காரணம் என் தம்பி.

தம்பி என்னைப் போல அல்ல. சின்ன வயதிலேயே வாயைப் பொத்திச் சிரிக்கப் பழகியவன். உமிக்கரி, உப்பு, சாம்பல், செங்கல் தூள் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் போட்டுத் தீட்டுவான். பல்லைச் சுற்றிய முரசு கிழிந்து இரத்தம் வரும், காவி போகாது. "ஒழுங்காத் தீட்டினால் ஏன்ரா இந்த ஊத்தை?" என்று அம்மா அதற்கு மேல் ஏசுவா. அம்மாவின் பல்லும் அதே நிறம்தான். அவ தன் பல்லைக் கண்ணாடியில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

நாட்டுப் பிரச்சினை முற்றிய காலத்தில் அவன் கனடாவுக்குப் போனான். அங்கிருந்து வந்த முதல் படத்தில் அவன் பல் எல்லாம் வெள்ளை. கையில் காசு வந்ததும் முதல் வேலையாகப் பல்லுக்கு உறை போட்டுக்கொண்டானாம். உடுப்பு வாங்க முதலே. பிறகு கோப்பை கழுவி, படித்து, ஒரு சின்ன நகரத்தின் தண்ணீர் நிலையத்தில் வேலை எடுத்தான். பென்சன் வரும் வரைக்கும் அந்த ஒரே இடத்தில்தான். "ஒரு ஊரே குடிக்கிற தண்ணிக்கு மருந்து போடுறது என்ர பொறுப்பு அக்கா" என்று டெலிபோனில் சொல்லுவான். எனக்கு நெஞ்சு நிமிரும். சந்தையில் மீன் வாங்கும்போதுகூட அதை ஒரு சாட்டில் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

அவன் வாயில் அது எப்போதும் மருந்துதான். அங்கத்தைய பெயர் ஒன்று இருந்திருக்கும். என்னிடம் அதைச் சொல்லி என்ன பயன் என்று விட்டிருப்பான். நானும் கேட்கவில்லை. மருந்து என்றால் மருந்து.

பென்சன் எடுத்தான். மனைவி தவறிப்போனாள். பிள்ளைகள் தங்கள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். அப்போதுதான், வந்து என்னோடேயே இருக்கப் போகிறேன் என்று சொன்னான். நான் உடனே பின்னறையை ஒதுக்கி, சுவருக்கு வெள்ளையடித்து, அலுமாரியில் பாதியை வெறுமையாக்கினேன். வயது போன காலத்தில் ஒரு வீட்டில் இரண்டு தேத்தண்ணி ஊற்றுவது என்பது பெரிய விசயம். தனியே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவனுக்கு ஊருக்குள் கால் வைக்கப் பயம். நகரத்துக்கு வரலாம், தாய் ஊருக்கு எப்படிப் போவது என்று கேட்டான். "அம்மாவின்ர கடைசிக்கும் வராதவன் நான். வெறுங்கையோட போனால் என்ன கதைப்பினம்?" சண்டை நேரத்தில் பாதை பூட்டியிருந்தது, அவன் வர ஏலாது என்பது ஊருக்கே தெரியும். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. அவனுக்குள்தான் அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி யோசித்து அவன் கண்டுபிடித்த காணிக்கைதான் அந்த மிஷின். அவன் வேலை செய்த நிலையத்தில் பெரிதாகப் புதிது பூட்டி, பழையதைக் கழற்றி வைத்திருந்தார்களாம். கேட்டு வாங்கி, தேய்ந்த பாகங்களை மாற்றி, பெட்டி அடித்துக் கப்பலில் போட்டான். போட்டுவிட்டு எனக்குச் சொன்னான்: "அக்கா, ஊரில தண்ணிச் சங்கத்திட்டச் சொல்லி விடுங்கோ. தண்ணிக்கு மருந்து போடுற மிஷின் ஒண்டு வருது. அம்மாவின்ர பேரில."

நான் பஸ் ஏறிப் போய் அந்தச் சொல்லை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சங்கத்துக்குத் தலைவர் எங்கள் மச்சான், எங்கள் அம்மாவின் தமையனின் மகன். தம்பியோடு ஒன்றாகக் குளத்தில் மாடு குளிப்பாட்டியவர். அந்த ஊரில் ஒரு குழாய்க் கிணறு, ஒரு மோட்டார் அறை, மேலே ஒரு தண்ணீர்த் தாங்கி. அங்கிருந்து வீடுகளுக்குப் பைப். மழை முடிந்த காலங்களில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்ததால் தாங்கிக்குள் குளோரின் தூள் போடச் சொல்லியிருந்தார்கள். வாளியில் கரைத்து ஏணியில் ஏறி ஊற்றுவார்கள். ஒரு நாள் கூடிப்போய்த் தேத்தண்ணியே மணக்கும். ஒரு நாள் போடவே மறந்துவிடுவார்கள். அந்த ஊரில் தண்ணிக்கு மருந்து என்றால் அந்தத் தூள்தான். வேறு ஒன்று இருக்கும் என்று ஆர் நினைத்தது?

"தானாப் போடுமோ மச்சாள்?" என்று மச்சான் கேட்டார்.

"தானாத்தான் போடுமாம். துளித் துளியா."

"அப்ப நான் இனி ஏணியில ஏறி விழுந்து சாகத் தேவையில்லை" என்று சிரித்தார். அன்றைக்கே சங்கத்தைக் கூட்டி, ஓம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மாவின் பெயர் கல்லில் எப்படி இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மிஷினும் வந்தது, தம்பியும் வந்தான். விமான நிலையத்திலிருந்து வந்த வான் வண்டியிலிருந்து இறங்கியவனை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. தலை முழுக்க நரை, வாய் முழுக்க வெள்ளைப் பல். அவன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு என் வாயைப் பார்த்தான், பிறகு வேறு பக்கம் பார்த்தான். நான் அதைக் கவனித்தேன்.

மிஷின் என்றால் நான் பெரிதாக என்னவோ நினைத்திருந்தேன். அது ஒரு பீப்பா. உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற வெள்ளைப் பிளாஸ்டிக். அடியில் சிறு கல் பரப்பி, அதன்மேல் தூளைப் போட்டு, தண்ணீர் விட்டு ஊற வைப்பதாம். பீப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார். அது ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வாய் இழுத்து, விரல் தடிப்புக் குழாய் வழியாகப் பெரிய பைப்புக்குள் தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்று திருகி வைக்க ஒரு குமிழ். தம்பி அந்தக் குமிழைத் திருகும்போது அவன் முகம் வேறாகிவிடும். குழந்தைக்கு மருந்து ஊற்றும்போது கரண்டியைப் பார்க்கிற தாயின் முகம். மோட்டார் அறைக்குள் அவன் நாட்கணக்காகக் குனிந்திருந்து எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டினான். வெறுந்தண்ணியை விட்டு ஓட்டிப் பார்த்தான். டிக், டிக் என்று அது இழுத்துத் தள்ளியதைப் பார்க்க ஊர்ப் பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள்.

தூள் கொழும்பில் ஒரு வியாபாரியிடம் எடுப்பித்தான். மூடி இறுக்கிய இரண்டு வாளி. மச்சான் வீட்டு உள்ளறையில் வைத்துப் பூட்டினார்கள். "என்ன, உங்கட குளோரின் மணக்கவே மணக்காதாம்?" என்று ஒருத்தி கேட்டாள். "மூடி இறுக்கினால் எப்படி மணக்கும்? கனடா மூடியெல்லோ" என்று மச்சான் சொன்னார். தம்பி அந்த நேரம் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். அவன் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பின்னேரம். மச்சான் தறப்பாளும் கதிரையும் எடுக்கப் போயிருந்தார். கறுப்புக் கல்லில் அம்மாவின் பெயர் வெட்டி வந்து, சாக்குச் சுற்றி விறாந்தையில் சாத்தியிருந்தது. தம்பி சாக்கை விலக்கிப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தான். மச்சானின் மகள் எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நகரத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறவள். அழகான பிள்ளை. ஆனால் கதைக்கும்போதெல்லாம் மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதைப்பாள், சிரிப்பு வந்தால் சால்வையை வாய்க்குக் கொண்டு போவாள். எனக்கு அது பிடிக்காது. பலமுறை ஏசியிருக்கிறேன்.

தம்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னையே பார்த்தது போல இருந்திருக்க வேண்டும். மிகவும் அன்பாகச் சொன்னான்: "பிள்ளை, நீ இனி யோசியாத. உனக்குக் காலம் கடந்துபோச்சுத்தான், ஆனால் இனிப் பிறக்கிற பிள்ளையளுக்கு இப்படிப் பல்லு வராது. நாளையிலேர்ந்து மருந்து போகுது."

அவள் விளங்காமல் பார்த்தாள். "குளோரினுக்கும் பல்லுக்கும் என்ன மாமா?"

"குளோரின் ஆர் சொன்னது? இது புளோரைட். பல்லுக்குப் போடுறது. அங்க நான் வாழ்நாள் முழுக்கப் போட்டது இதைத்தான்."

சிரிக்கப் போனவள் சால்வையைப் பாதி வழியில் விட்டுவிட்டாள். "மாமா, அது இஞ்ச கிணத்துக்குள்ளேயே கூடவெல்லோ. அது கூடினபடியாத்தான் எங்கட ஊர்ப் பல்லு இப்படியெண்டு பள்ளிக்கூடத்துக்குப் பல்லுப் பாக்க வந்த மிஸி சொன்னவ. நாங்கள் நல்லாத் தீட்டுறேல்லை எண்டு அப்பா அடிச்சவர். பேந்து மிஸிதான் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னவ, பிள்ளையில பிழையில்லை, தண்ணியில எண்டு."

நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவள் சொன்னதை அவன் மறுப்பான், விளங்கப்படுத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். வைத்துவிட்டு எழும்பி என்னிடம் வந்தான்.

"அக்கா, வாயைத் திறவுங்கோ."

"என்னடா இது?"

"திறவுங்கோ."

திறந்தேன். டெலிபோன் வெளிச்சத்தை என் பல்லில் அடித்துப் பார்த்தான். மேல் பல், கீழ்ப் பல், கடைவாய் எல்லாம் பார்த்தான். வந்த நாளிலிருந்து பார்க்காமல் விட்ட வாயை அன்றைக்குத்தான் பார்த்தான். வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கதிரையில் போய் இருந்தான்.

பிறகு சொன்னான்: "வேலைக்குச் சேரேக்க எங்களுக்குப் படிப்பிச்சவங்கள். குறைஞ்சால் பல்லுச் சூத்தை, கூடினால் பல்லில கறை. படமும் காட்டினவங்கள். இதே பல்லு, அக்கா. இதே நிறம். அந்தப் படத்தைப் பாக்கேக்க எனக்கு எங்கட வீடு நினைவு வரேல்லை. எங்கடது ஊத்தை எண்டுதான் நான் நினைச்சிருந்தனான்."

அவள் குசினியில் அடுப்படிக்குப் போய்விட்டாள். தன்னால் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

நான் கேட்டேன், போட முதல் தண்ணியை அளந்து பார்ப்பதில்லையா என்று. அங்கே அளக்காமல் ஒரு துளி போடமாட்டார்களாம். ஒவ்வொரு நாளும் அளப்பார்களாம். "இஞ்ச ஏன் அளக்கேல்லை?" என்றேன். "எங்கட ஊர்த் தண்ணிதானே எண்டு விட்டுட்டன்" என்றான். குடித்து வளர்ந்த தண்ணியை ஆர் அளப்பார்கள்?

அவன் கண் சாக்குச் சுற்றிய கல்லில் போய் நின்றது. மெல்லச் சொன்னான்: "நாளைக்கு வெறுந்தண்ணியில ஓட்டிக் காட்டுவம். தூளைத் தொடவேண்டாம். சனத்துக்குத் தெரியவராது. பேந்து ஆறுதலாச் சொல்லலாம்."

எனக்கும் முதலில் அதுதான் சரியாகப் பட்டது. விழா நடக்கும், அம்மாவின் பெயர் நிற்கும், தம்பி தலை நிமிர்ந்து ஊருக்குள் போய் வருவான், பின்னறையில் வந்து படுப்பான். டிக், டிக் என்று வெறுந்தண்ணி ஓடினால் ஆருக்கு என்ன நட்டம்? அந்த நிமிசம் நான் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததில் எனக்கு வெட்கம் இல்லை. வெள்ளையடித்த அறையை வைத்துக்கொண்டு காத்திருந்தவள் நான்.

ஆனால் பேந்து, பிறகு என்று அவன் சொன்ன அந்தப் பேந்து எப்போது வரும்? ஊர்ச் சனம் அந்தப் பீப்பாவை வெறுமையாக விடாது. உள்ளறையில் இரண்டு வாளி இருக்கிறது. தம்பி ஒரு நாள் நகரத்தில் நிற்கும்போது மச்சான், மருந்து முடிந்துபோச்சு என்று தானே மூடியைத் திறந்து கொட்டுவார். நல்ல எண்ணத்தோடுதான் கொட்டுவார். இடுப்பில் பிள்ளைகளோடு வந்து நின்ற பெண்கள் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதோடு, அம்மாவின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு பொய்த் தண்ணியை ஓட்டுவதா? நாங்கள் இல்லாதவர்களாக இருந்திருக்கிறோம், பொய்யர்களாக இருந்ததில்லை.

"நீ சொல்லு, இல்லாட்டி நான் சொல்லுவன்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை, மாமி செங்கட்டி என்று சொன்னபோது என்னைப் பார்த்த பார்வையைவிட வலித்தது.

மச்சான் கதிரைகளோடு ட்ராக்டரில் வந்து இறங்கினார். கழுத்தில் மாலையைத் தானே போட்டுக்கொண்டு, பிரதம விருந்தாளி போல நடந்து காட்டிக்கொண்டு வந்தார். தம்பி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அந்தப் பீப்பாவுக்குள் போடுவது குளோரின் இல்லை, பல்லுக்குப் போடுகிற வேறு தூள், அது எங்கள் தண்ணியில் முன்னமே கூடுதல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தம்பி கொண்டுவந்தது நல்லதென்று நினைத்துத்தான் என்றும் சொன்னேன்.

மச்சான் மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. அவர் எப்போதும் தம்பியைச் சீண்டுகிறவர், அந்தப் பழக்கத்தில்தான் சொல்லியிருப்பார்: "அப்ப என்ன மச்சான், கனடாவிலயிருந்து வந்து ஊருக்கே மருந்து குடுக்கப் பாத்தனியோ?"

எங்கள் பக்கத்தில் மருந்து குடித்தான் என்றால் நஞ்சு குடித்தான் என்றுதான் அர்த்தம். மருந்து கொடுத்தார்கள் என்றால் கொன்றார்கள் என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் தம்பி. அது மற்றப் பக்கமாகத் திரும்பி அவன் முகத்திலேயே விழுந்தது. மச்சானுக்கும் சொன்ன பிறகுதான் விளங்கியிருக்க வேண்டும். "பகிடிக்குச் சொன்னனான்ரா" என்றார். தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டு மோட்டார் அறைப் பக்கம் போய்விட்டான்.

அடுத்த நாள் விழா நடக்கவில்லை. மோட்டார் பழுது என்று மச்சான் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அவருடைய பொய் அது, அதற்கு நான் பொறுப்பில்லை. தம்பி தானே குழாயைக் கழற்றி, துளையை அடைத்து, பெரிய பைப்பைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தான். பீப்பாவை வைத்துக் குளோரின் என்றாலும் போடலாமோ என்று மச்சான் என்னிடம் கேட்டார், அவனிடம் கேட்கப் பயந்து. கேட்டுச் சொன்னேன். குளோரின் அந்தச் சின்ன மோட்டாருக்குள் இருக்கிற ரப்பரைத் தின்றுவிடும், கொஞ்ச நாளில் ஒழுகும் என்றான். இரண்டு வாளித் தூளையும் ஒருவரையும் தொடவிடாமல் தன் கையாலேயே தூக்கி வான் வண்டியில் வைத்தான். கொழும்புக்குக் கொண்டுபோய் அந்த வியாபாரியிடமே திருப்பிக் கொடுத்தானாம். கோபத்திலும் அதை மறக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

போக முதல் என் வீட்டுக்கு வந்து உடுப்பை எடுத்தான். டிக்கட்டை முன்னுக்கு மாற்றிவிட்டான். இருக்கச் சொல்லி நான் கெஞ்சவில்லை. எனக்குக் கெஞ்ச வராது. சோறு போட்டேன், சாப்பிட்டான். "நீங்கள் பொறுத்திருக்கலாம் அக்கா. நானே சொல்லியிருப்பன்" என்றான். சொல்லியிருப்பானோ என்னவோ. "சொல்லியிருப்பாய்" என்றேன்.

அதற்குப் பிறகு டெலிபோன் இல்லை. நானும் எடுக்கவில்லை. பிழை செய்யாதவள் நான் ஏன் முதலில் எடுப்பது என்று இருந்தேன். ஆனால் டெலிபோனைக் குசினிக்குள்ளும் கொண்டு போனேன், குளிக்கும்போது வாசலில் கதிரை போட்டு அதன்மேல் வைத்தேன். பின்னறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவதை மட்டும் நிறுத்தினேன். ஆரும் படுக்காத விரிப்பை எத்தனை தரம் தோய்ப்பது?

கல் இப்போதும் மச்சான் வீட்டில் சாக்குக்குள் இருக்கிறது. பீப்பாவை மோட்டார் அறைக்கு வெளியே கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். வெயிலில் மஞ்சளாகி வருகிறது. ஊரில் பழையபடி ஏணியில் ஏறித்தான் தூள் போடுகிறார்கள்.

ஒரு நாள் காலமை அவன் எடுத்தான். சுகம் கேட்கவில்லை. "அக்கா, எனக்கு ஒரு உதவி வேணும். அந்தக் கிணத்துத் தண்ணியை ஒருக்கா அளக்கப் பண்ணுங்கோ" என்றான். எப்படி எடுக்க வேண்டும் என்று சொன்னான்: கண்ணாடிப் போத்தல் வேண்டாம், பிளாஸ்டிக் போத்தல், அதே தண்ணியால் அலசிவிட்டு, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். கேட்கும்போது எனக்கு அந்தக் குமிழைத் திருகுகிற முகம் கண்ணில் வந்தது.

மச்சானின் மகள் கடைக்கு வரும்போது போத்தலைக் கொண்டுவந்தாள். அவளும் நானும் ஓட்டோவில் போய்த் தண்ணியை அளந்து பார்க்கிற இடத்தில் கொடுத்தோம். சொன்ன நாளுக்குத் திரும்பிப் போனபோது அங்கே இருந்த பெண்பிள்ளை என் வாயைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்களும் அந்த ஊரோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு எண்ணைச் சொன்னாள். புள்ளிக்கு முன்னால் ஓர் இலக்கம், பின்னால் ஓர் இலக்கம். மறந்துவிடுவேனோ என்று வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பெரிதா சின்னதா என்று எனக்குத் தெரியாது. மச்சானின் மகள் கேட்டாள், "கூடவோ பெரியம்மா?" என்று. "மாமா சொல்லுவார்" என்றேன். அவள் அன்றைக்குச் சால்வையை வாயில் வைக்கவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து முதல் தரமாக நானே எடுத்தேன். அவனுக்கு அங்கே காலமை. எண்ணைச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னான். திருப்பிச் சொன்னேன்.

"அக்கா, அங்க நான் ஒரு நாளும் ஒருத்தருக்கும் அவ்வளவு விட்டதில்லை. அந்தளவுக்கு ஏறினால் மிஷினை நிப்பாட்டிப்போட்டு ஓடிப்போய் ஆக்களுக்குச் சொல்லவேணும்" என்றான். குரல் வேறாக இருந்தது. "அம்மாவுக்கு இடுப்பு நாரி பிடிச்சு நிமிரேலாமல் போனதெல்லோ..." என்று தொடங்கி நிறுத்தினான். அதற்கும் இந்தத் தண்ணிதானோ காரணம் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது போல.

"இப்ப என்ன தண்ணி குடிக்கினம்?" என்று கேட்டான்.

"அதைத்தான். வசதியான ரெண்டு மூண்டு வீடு காசு குடுத்துத் தண்ணிக் கானில வாங்குது. மற்றாக்கள் அதைத்தான்."

"மச்சான்ர பிள்ளை?"

"அவளும் அதைத்தான்."

தண்ணியிலிருந்து அதை எடுக்கிற மிஷின் ஒன்று இருக்கிறதாம். போடுகிற மாதிரி லேசு இல்லையாம், கழிவுத் தண்ணியை விட இடம் வேண்டுமாம், ஒவ்வொரு நாளும் ஆள் நின்று பார்க்க வேண்டுமாம். அதில் தனக்குப் பழக்கம் இல்லை என்றும் சொன்னான். அவன் வாயால் தனக்குத் தெரியாது என்று நான் கேட்டது அதுதான் முதல் தரம். மச்சான் ஏதாவது கேட்டாரோ என்றான். கேட்கிறார், ஒவ்வொரு முறையும் கேட்கிறார், உனக்கு எடுக்க அவருக்கு முகமில்லை என்றேன்.

டெலிபோனை வைக்கும்போது எல்லாரும் "வைக்கிறன்" என்றுதான் சொல்லுவார்கள். அவனும் இவ்வளவு காலமும் அப்படித்தான் சொன்னவன். அன்றைக்கு, "சரியக்கா, வாறன்" என்றான். வீட்டை விட்டுப் போகிறவர்களும் எங்களில் அதைத்தான் சொல்வார்கள், போறன் என்று சொல்லக்கூடாது என்பதால். எதை நினைத்துச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது, அதற்குள் வைத்துவிட்டான்.